மெரினா பேனா: தலைக்கு 11 ரூபாய் தானா?

மெரினா கடலுக்குள்ள 81 கோடி செலவுல கலைஞருக்குப் பேனா நினைவுச்சின்னம்னு அரசு அறிவிச்சப்ப, 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கத்துல நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ரணகளமாச்சு. ஜூன்ல மத்திய சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைச்சுது.

திருவேங்கடத்துல இருக்கிற நமக்கென்ன? மொபைல் ரீசார்ஜுக்கு நீங்க கட்டுற 18 சதவீத ஜிஎஸ்டியில பாதி மாநில கஜானாவுக்குத்தான் போகுது.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. வகுத்தா தலைக்கு 11 ரூபாய், ஒரு டீ காசு. இஎம்ஐயில போன் விக்கிறவங்களும் இப்படித்தான் பேசுவாங்க!

அதே 81 கோடியை 7.5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினதா வச்சுக்கங்க. வட்டி மட்டும் வருஷத்துக்கு 6 கோடி. உப்புக்காத்துல பராமரிப்புச் செலவு தனி. தொழில் பாதிக்கும்னு மீனவர்கள் எதிர்த்தாங்களே, அந்த வருமான இழப்பு கட்டுமானச் செலவுக் கணக்குல வரவே வராது.