பேசாத தொலைபேசிக்கும் கெடு உண்டு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை என வழங்கும் இரு கரைகளிலும், கையடக்கத் தொலைபேசியை வைத்திருந்தும் அதிலிருந்து அரிதாகவே அழைப்பு எடுக்கும் மக்கள் பலர் உள்ளனர். மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் மகளின் வெள்ளிக்கிழமை அழைப்புக்குக் காத்திருக்கும் தாய், பெரும்போகக் காலத்தில் வயல் வாடியிலேயே தங்கிவிடும் விவசாயி, இரவில் வாவியில் வலை போட்டுவிட்டு விடியலில் மட்டும் மீன் வியாபாரியோடு ஓரிரு வார்த்தை பேசும் மீனவர் ஆகியோருக்குத் தொலைபேசி முதன்மையாக அழைப்பை ஏற்பதற்கான கருவியாகும். இலங்கையில் உள்வரும் உள்நாட்டு அழைப்பை ஏற்பவரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பதால் இவர்களுக்குச் செலவே இல்லையென்று தோன்றக்கூடும். எனினும் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால், மிகக் குறைவாகப் பேசுபவரே தாம் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மிகக் கூடுதலான விலையைக் கொடுக்கிறார் என்பது விளங்கும். அவர் முன்கூட்டியே செலுத்தும் மீள்நிரப்புத் தொகையான ரீலோட்டில் பெரும்பகுதி, தமது இலக்கம் துண்டிக்கப்படாமல் இருக்கும் நாட்களுக்கான விலையாகவே கழிந்துபோகிறது.

சேவையைப் பெறுவதற்கு முன்னரே பணத்தைச் செலுத்திவிடும் முறை முற்கொடுப்பனவு எனப்படும். மாத முடிவில் பில் அனுப்பி அறவிடுவது பிற்கொடுப்பனவு. 1995 இல் போர்த்துக்கல்லின் டிஎம்என் நிறுவனம் மிமோ என்ற பெயரில் முற்கொடுப்பனவு இணைப்பை அறிமுகப்படுத்திய பின்னர், நிலையான மாத வருமானமும் வங்கிக் கணக்கும் இல்லாத கோடிக்கணக்கான மக்களுக்குத் தொலைபேசியின் கதவு திறந்தது. 2003 இல் பிலிப்பைன்ஸின் ஸ்மார்ட் நிறுவனம், அச்சிட்ட அட்டை இல்லாமலேயே கடைக்காரரின் தொலைபேசியிலிருந்து வாடிக்கையாளரின் தொலைபேசிக்கு மிகச் சிறிய தொகைகளை அனுப்பும் வழியைப் பரவலாக்கியது. இன்று இக்கரைகளில் ஆரையம்பதியிலும் வெல்லாவெளியிலும் போடப்படும் ரீலோட் அந்த வழியைச் சேர்ந்ததே. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2005 முதல் இலங்கை உள்ளிட்ட ஆசிய நாடுகளில் குறைந்த வருமானம் உடையோரின் தொலைபேசிப் பயன்பாட்டைத் தொடர்ச்சியாக ஆராய்ந்து, பதில் எதிர்பாராமல் ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்தும் மிஸ்ட் கோல், அவர்கள் பணத்தை மிச்சப்படுத்தக் கையாளும் ஒரு முறையான உத்தி என்பதைப் பதிவு செய்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் ரொஹான் சமரஜீவ, தெற்காசியத் தொலைபேசி நிறுவனங்களின் வணிக முறையை மலிவுக் கட்டண விமான சேவைகளின் முறையோடு ஒப்பிட்டு விளக்கினார்: செலவை இயன்றவரை குறைத்து, ஒவ்வொருவரிடமும் சிறுதொகையைப் பெற்று, வாடிக்கையாளரின் எண்ணிக்கையால் இலாபம் காண்பதே அந்த முறை. அதில் அடிக்கடி சிறுதொகை போடுபவருக்கு இடமுண்டு. எப்போதாவது மட்டும் போடுபவர், இலக்கம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வருமானம் தராதவராகக் கணக்கிடப்படுகிறார். போட்ட தொகையை இத்தனை நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டுமெனக் கெடு வைக்கும் செல்லுபடிக் காலம் என்ற ஏற்பாடு இங்கேயே தோன்றுகிறது.

எனவே அரிதாகப் பயன்படுத்துபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, ஒரு சிம்மில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன என்பதையே. ஒன்று பணத்தின் மீதி. மற்றையது அந்த மீதியையும் இணைப்பையும் பயன்படுத்தக்கூடிய நாட்களின் மீதி. போடும் தொகைக்கு ஏற்பவே நாட்கள் கிடைக்கின்றன. அவை முடிந்தால், கணக்கில் பணம் எஞ்சியிருந்தாலும் முதலில் வெளியழைப்பு நின்றுபோகும், பின்னர் ஒரு சலுகைக் காலம் வரை அழைப்புகள் வந்துகொண்டிருக்கும், அதன் பிறகு இலக்கமே மீளப் பெறப்பட்டுவிடும். நாட்களின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதாலும் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதாலும், அயலவர் சொல்லும் கணக்கை நம்பியிராமல் ரீலோட் போட்டவுடன் வரும் குறுஞ்செய்தியை வாசிப்பதே பாதுகாப்பானது. கடைக்காரர் வாடிக்கையாளர் சொல்லும் பத்து இலக்கங்களையும் தம் தொலைபேசியில் தட்டி அனுப்புகிறார். ஓர் இலக்கம் பிசகினால் பணம் முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். எனவே ரீலோட் குறுஞ்செய்தி வரும்வரை கடையை விட்டு நகராதிருப்பதும், அதில் உள்ள முடிவுத் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைப்பதும், அத்திகதிக்கு ஒரு கிழமை முன்னரே அடுத்த ரீலோட்டைப் போட்டுவிடுவதும் எழுத வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் இருந்தால் எளிதில் நடக்கக்கூடியவை. மகள் வெளிநாட்டில் இருப்பாராயின், அங்கிருந்தே செயலி வழியாகத் தாயின் இலக்கத்துக்கு ரீலோட் அனுப்பவும் வழி உண்டு. அப்போது நாட்கணக்கை வைத்திருக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொள்ளலாம்.

பேசாமலேயே பணம் கரைவதாக முதியோர் முறையிடுவது வெறும் பிரமை அன்று. பழைய பொத்தான் தொலைபேசிக்குப் பதிலாக, மகன் பயன்படுத்தி விட்டுச் சென்ற ஸ்மார்ட்போன் கைக்கு வந்தபின் டேட்டா இணைப்பு திறந்தபடியே இருந்தால், பொதி ஏதும் வாங்கப்படாத நிலையிலும் செயலிகள் பின்னணியில் தரவை இழுத்துக்கொள்ள, அதற்கான கட்டணம் பிரதான மீதியிலிருந்து கழிகிறது. பொதி என்பது குறிப்பிட்ட நாட்களுக்குக் குறிப்பிட்ட அளவு தரவையோ நிமிடங்களையோ ஒரே விலைக்கு வாங்கும் ஏற்பாடு. ஏழு நாள் பொதியில் எஞ்சியது எட்டாம் நாளில் இல்லாமற் போவதால், மாதத்தில் நான்கு முறை பேசுபவருக்கு அது பெரும்பாலும் நட்டமே. அழைப்பு மெட்டு, சோதிடம், செய்தி போன்ற சேவைகள் திரையில் தோன்றும் ஒரு கேள்விக்குத் தவறுதலாக ‘ஆம்’ என்று அழுத்திய கணத்தில் இணைந்துகொண்டு நாள்தோறும் சில ரூபாக்களைக் கழிப்பதும் உண்டு. மீதி தீர்ந்தவுடன் நிறுவனம் தரும் சிறு கடன் அவசரத்துக்கு உதவும். ஆயினும் கடனும் அதற்கான சேவைக் கட்டணமும் அடுத்த ரீலோட்டிலிருந்து முதலில் எடுக்கப்படுவதால், போட்ட பணம் எங்கே போனது என்ற குழப்பம் ஏற்படுகிறது. டேட்டாவை நிறுத்திவைப்பதும், வாடிக்கையாளர் சேவையை அழைத்து நாட்கட்டணச் சேவைகள் அனைத்தையும் நீக்கச் சொல்வதும் ஒருமுறை செய்தால் போதுமான வேலைகள்.

கைபேசி நிறுவனமான டயலொக் 2012 இல் தொடங்கிய ஈசி கேஷ் போன்ற கைபேசிப் பணக் கணக்கு ரீலோட் மீதியிலிருந்து வேறானது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதில் உள்ள பணத்தை ஒருவருக்கு அனுப்பலாம், அதிலிருந்து ரீலோட்டும் போடலாம். ரீலோட்டாக மாறிய பணமோ மீண்டும் கைக்காசாகத் திரும்புவதில்லை.

இலக்கம் போனால் போகட்டும், புதிய சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்ன காலம் கடந்துவிட்டது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அனுமதியைப் பெறத் தொலைபேசி இலக்கத்தையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வங்கிகள் ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்புவதும் அந்த இலக்கத்துக்கே. பயன்படுத்தப்படாது துண்டிக்கப்பட்ட இலக்கம் காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும் என்பதால், வங்கிச் செய்தி அந்நியரின் கையில் விழும் ஆபத்தும் உண்டு. இன்னொரு சிக்கலும் படுவான்கரைக் குடும்பங்களில் காணப்படுகிறது: முதியவரின் சிம், இப்போது வெளிநாட்டில் இருக்கும் மகனின் அடையாள அட்டையில் பதியப்பட்டிருக்கும். தொலைபேசி வாவியில் விழுந்து தொலைந்தால் மாற்று சிம் பெறப் பதிவு செய்தவரே வர வேண்டியிருப்பதால், மகன் ஊரில் நிற்கும் நாட்களிலேயே பதிவைப் பயன்படுத்துபவரின் பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இவை அனைத்தும் மேலும் கூர்மையடைகின்றன. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட துயரம் இன்னும் மறக்கப்படவில்லை. பொலிஸாரின் 119 உம் சுவசெரிய அம்புலன்ஸின் 1990 உம் மீதியின்றியே எடுக்கக்கூடியவை; தாய் வேறிடத்துக்கு இடம்பெயர்ந்ததை மகளுக்கு அறிவிக்கும் அழைப்புக்கோ மீதி வேண்டும், அவ்வேளையில் கடை திறந்திருப்பதில்லை. ஐப்பசி பிறக்குமுன் சிறிது கூடுதலாக ரீலோட் போட்டு வைப்பது இக்கரைகளில் அரிசி சேமிப்பதற்கு ஒப்பான முன்னேற்பாடு.

இத்தனை கவனத்தையும் குறைவாகப் பயன்படுத்துபவரின் தலையிலேயே ஏற்றுவது நியாயமன்று. அவர் மீதான செலவுச் சுமையும் ஏறியுள்ளது. 2022 செப்டெம்பரில் இலங்கையின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 20 சதவீதக் கட்டண உயர்வை அனுமதித்தது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. இவற்றுக்கு மேல் தொலைத்தொடர்பு அறவீடும் உள்ளது. அதே 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்ததால், வாடிக்கையாளர் தெரிவு செய்யக்கூடிய கைபேசி நிறுவனங்கள் டயலொக், எஸ்எல்ரி மொபிட்டெல், ஹட்ச் என மூன்றாகக் குறைந்தன. போட்டி குறையும்போது ஒழுங்குபடுத்துநரின் பொறுப்பு கூடுகிறது. அண்டை நாடான இந்தியாவில், 90 நாட்களுக்குக் குறைவான பயன்பாடின்மையைக் காரணம் காட்டி முற்கொடுப்பனவு இணைப்பைத் துண்டிக்கக்கூடாது என்றும், கணக்கில் குறைந்தது 20 ரூபாய் இருந்தால் அதனைக் கழித்துக்கொண்டு இணைப்பைத் தொடர வேண்டும் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 இல் விதித்தது. 2024 டிசம்பரில் அதே ஆணையம், டேட்டா சேர்க்கப்படாத, குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டுமெனப் பணித்ததுடன், சிறப்புக் கட்டணத் திட்டங்களின் உச்சச் செல்லுபடிக் காலத்தை 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயர்த்தியது. பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வரும் பங்குனியில் ஒருமுறை செலுத்தி, அடுத்த அறுவடை வரை இலக்கத்தைத் தக்கவைத்துக்கொள்ளக்கூடிய, டேட்டா கலவாத மலிவான ஓராண்டுத் திட்டம் ஒன்றை இலங்கையின் மூன்று நிறுவனங்களும் வழங்க வேண்டும் என ஆணைக்குழு பணிப்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் தேவையில்லை.