போறணை இல்லாமல் சீஸும் வாழைப்பழமும் சுடுவது எப்படி?

போன காணொளிக்குக் கீழ திரும்பத் திரும்ப ஒரு கேள்விதான் வந்திருக்கு. "அக்கா, வெளிநாட்டில சீஸோட பழத்தை வைச்சுச் சுட்டு ஞாயிற்றுக்கிழமை காலமை சாப்பிடுகினம். எங்களிட்ட ஓவனும் இல்லை, அந்தச் சீஸும் கிளிநொச்சிக் கடையளில இல்லை. என்ன செய்யிறது?" சிலபேர் முக்கோணச் சீஸை வைச்சுச் சுட்டுப் பாத்திட்டு, எல்லாம் உருகி ஓடிப்போச்சு எண்டு படமும் அனுப்பியிருக்கிறியள்.

அது ஓடத்தான் செய்யும். முக்கோணச் சீஸ் உருகிறதுக்கெண்டே செய்தது. சீஸை உருக்கி, கொழுப்பும் தண்ணியும் பிரியாமல் இருக்க சில உப்பு வகையளைச் சேர்த்து, திரும்ப அச்சில வாக்கிறவை. பாணில பூச நல்லம். எங்களுக்கு வேண்டியது சூட்டில உருகாத சீஸ். கொதிச்ச பாலில தேசிப்புளி விட்டுத் திரைய வைச்சு எடுக்கிற திரள் உருகாது. சுடச்சுட இறுகும், சிவக்கும். பனீர் எண்டு விலை குடுத்து வாங்கிறதும் இதை அமத்தி எடுத்ததுதான்.

அதுக்கு நல்ல பசும்பால் வேணும். இதை நான் இண்டைக்குப் பலதரம் சொல்லுவன், கோவியாதேங்கோ. பால்மா கரைச்சுச் செய்யேலாதோ எண்டு கேப்பியள். செய்யலாம், ஆனா அந்த மெதுமை வராது. 2022ல பால்மாவுக்கு வரிசையில நிண்டதை மறந்திட்டியளே? அந்த நேரத்திலயும் பரந்தன், முரசுமோட்டைப் பக்கம் மாடு கறந்துகொண்டுதான் இருந்தவை. படலையடியில பால் போகேக்க நாங்கள் பால்மாப் பெட்டியைத் தேடி ரவுணுக்கு ஓடுறம்.

இப்பிடிச் சீஸைச் சுடுறது ஒண்டும் புதுசில்லை. இந்தியாவில ஒடிசா மாநிலம், நயாகர் மாவட்டத்தில தசபல்லா எண்டு ஒரு ஊர். அங்க இனிப்புக்கடை வைச்சிருந்த சுதர்சன் சாகு எண்டவர், மிஞ்சின திரளோட சீனியைக் கலந்து, சூடு ஆறாத அடுப்புக்குள்ள இரவு வைச்சிட்டுப் போனாராம். விடிய வந்து பாத்தால் மேல் சிவந்து, உள் மெத்தெண்டு ஒரு பலகாரம். அதுதான் சேனா போடா. இண்டைக்கு ஒடிசா முழுக்க அது பேர்போன இனிப்பு. அவை சால் இலையில சுத்திச் சுடுகினம், எங்களிட்ட வாழையிலை இருக்கு. அவை நல்லா இனிப்பா செய்வினம். நான் சீனியைக் குறைச்சு, மேல பழம் வைச்சுக் காலைச் சாப்பாடா மாத்துறன்.

ஓவனுக்கு என்ன வழி? உப்பு! ஆனையிறவில இருந்துகொண்டு உப்பைப் பற்றிக் கதைக்காமல் விடேலுமே? ஏ9 வீதியால போறவை பாத்திருப்பியள். கடல்நீரேரித் தண்ணியைப் பாத்தியில கட்டி விட, வெயிலும் சோளகக் காத்தும் அதை வத்தப்பண்ண, அடியில உப்பு விளையும். சண்டையால 1990ல மூடின உப்பளம் இது. கன வருசம் பாழாக் கிடந்தது. 2025 மார்ச்சில மேசை உப்புத் தொழிற்சாலையும் திறந்தவை. எங்கட ஆக்களுக்கு இஞ்சயே வேலை, எங்கட உப்பு எங்கட கடையில. எனக்கு அதில பெரிய சந்தோசம். வாங்கேக்க பைக்கற்றைத் திருப்பி, எங்க விளைஞ்ச உப்பெண்டு பாத்து வாங்குங்கோ.

சரி, அந்தக் கட்டி உப்பை ஒரு பழைய தடிச்ச சட்டியில விரலளவு உயரத்துக்குப் பரப்பினால் அதுதான் எங்கட ஓவன். உப்பு சூட்டை மெல்ல வாங்கி ஒரே சீராக் குடுக்கும், அடிப்பிடிக்காது. சுட்டு முடிய அந்த உப்பை ஒரு போத்தில்ல போட்டு வையுங்கோ. அடுத்தமுறை சுட உதவும், கறிக்குப் போடாதேங்கோ.

இப்ப பாலுக்கு வருவம். பசும்பால் ரெண்டு லீற்றர். தண்ணி கலக்காத பால், சொல்லிப்போட்டன். முல்லைத்தீவுப் பக்கம் எருமைப்பால் கிடைச்சால் அதுவும் நல்லம், கொழுப்புக் கூட, திரளும் கூட வரும். கொதிச்ச உடன இறக்கி ஒரு ரெண்டு நிமிசம் விடுங்கோ. தேசிப்புளியில அதேயளவு தண்ணி கலந்து, கரண்டி கரண்டியா விட்டு மெல்லக் கிண்டுங்கோ. தம்பி, கமராவைக் கிட்டக் கொண்டு வா. பாருங்கோ, தண்ணி இளம்பச்சையாத் தெளிஞ்சு, திரள் பஞ்சுமாதிரி மேல மிதக்குது. இதோட புளி காணும். தண்ணி இன்னும் வெள்ளையாக் கலங்கியிருந்தால் பால் முழுக்கப் பிரியேல்லை எண்டு அர்த்தம், இன்னுமொரு கரண்டி விடுங்கோ. கூடிப்போனால் திரள் றப்பர்மாதிரி வரும்.

துணியில வடிச்சு, புளிப்புப் போகப் பச்சைத் தண்ணியில ஒருக்காக் கழுவி, அரை மணித்தியாலம் கட்டித் தூக்குங்கோ. பிரிஞ்ச தண்ணியைக் கவிழ்க்காதேங்கோ, றொட்டிக்கு மா குழைக்கலாம். ரெண்டு லீற்றருக்கு நானூறு கிராம் வரை திரள் வரும். பால் நல்லதா இருந்தால்தான் அந்தக் கணக்கு. அதாலதான் பசும்பால், பசும்பால் எண்டு சொல்லுறன்.

தம்பி நேரம் போகுதெண்டு கை காட்டுறான், மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன். திரளை உள்ளங்கையால தேய்ச்சுப் பிசையுங்கோ, மணல்மணலா இருக்கக்கூடாது. சீனி நூறு கிராம், இல்லாட்டிச் சீவின பனங்கட்டி. றவை ரெண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு. நெய் பூசின வாழையிலையைத் தகரத்துக்குள்ள விரிச்சு, கலவையைப் போட்டு, பழுத்த இதரை வாழைப்பழத்தை வட்டமா வெட்டி மேல அடுக்குங்கோ. உள்ளுக்குக் கலந்தால் தண்ணி விடும். கறுத்தக்கொழும்பான் காலமெண்டால் மாம்பழத் துண்டை முதல்ல தாச்சியில வத்த வையுங்கோ. அன்னாசியும் பப்பாசியும் பச்சையாப் போடவே கூடாது. அதுகளில உள்ள நொதியம் பால்ப் புரதத்தை உடைச்சுக் கைக்கப் பண்ணும், அவிச்சுப் போடுங்கோ.

உப்புச் சட்டியை மூடிப் பத்து நிமிசம் சூடாக்கி, தகரத்தை உள்ளுக்கு வைச்சு, இறுக்கி மூடி, சின்ன நெருப்பில அம்பது நிமிசம் தொடக்கம் ஒரு மணித்தியாலம். கடைசிப் பத்து நிமிசம் மூடிக்கு மேல சிரட்டைத் தணலைப் போட்டால் மேலயும் சிவக்கும். ஓவன் இருக்கிறவை 180 பாகையில நாப்பத்தைஞ்சு நிமிசம். ஈர்க்கால குத்திப் பாருங்கோ, ஒட்டாமல் வந்தால் சரி. நல்லா ஆறவிட்டு வெட்டுங்கோ, சூட்டோட வெட்டினால் உதிரும். சனிக்கிழமை பின்னேரம் சுட்டால் ஞாயிறு காலமை தேத்தண்ணியோட சாப்பிடலாம்.

உங்கட ஊரில நல்ல பசும்பால் எந்த இடத்தில வாங்கலாமெண்டு கீழ எழுதுங்கோ, ஊர்ப் பேரையும் போடுங்கோ. பக்கத்து ஊர்ச் சனம் பாத்து வாங்கும், மாடு வைச்சிருக்கிறவைக்கும் நாலு காசு சேரும்.