உருளைக்கிழங்கின் மூச்சு

பச்சை உருளைக்கிழங்கை நறுக்கி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு நாலு சொட்டு விட்டால் வெள்ளை நுரை பொங்கி எழும். ஓசூர்ச் சந்தையில் வாங்கிய கிழங்கைக் கொண்டு இதனை ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டுவது நம் வழக்கம். கிழங்கினுள் இருக்கும் காடலேஸ் என்னும் என்ஸைம் அந்தத் திரவத்தை நீராகவும் பிராணவாயுவாகவும் நொடியில் பிரித்துவிடுகிறது.

சென்ற ஆண்டு இதைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "உயிரில்லாத கிழங்குக்கு என்ஸைம் எதற்கு, ஸார்?" என்று கேட்டாள். "உயிரில்லை என்று யார் சொன்னது? மூட்டையில் கிடக்கும்போதுகூட அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது" என்றோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்த மூச்சையே ஆராய்ந்து கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற ஓர் இந்தியப் பெண்மணியின் சரித்திரத்தை அன்று அவளுக்குச் சொன்னோம். அதை நேயர்களுக்கும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

அப்பெண்மணி கமலா பாகவத். விவாகத்துக்குப் பின் கமலா ஸோஹனி. 1911-ல் இந்தூரில் பிறந்தவர். தந்தை நாராயணராவும், அவருடைய சகோதரர் மாதவராவும் ரஸாயன சாஸ்திரிகள்; இருவரும் நம் ஓசூருக்கு 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூர் டாட்டா இன்ஸ்டிட்யூட்டில் பயின்றவர்கள். ஆகவே, 1933-ல் பம்பாய் ஸர்வகலாசாலையில் பட்டம் பெற்றதும் கமலாவும் அங்கேயே மனுப் போட்டார். தகுதியில் குறையில்லை. ஆயினும் மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் ஒன்றே: மனுச் செய்தவர் பெண்.

நிராகரித்தவர் யார்? திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்று, நம் ஒவ்வொருவரையும் தலை நிமிர்ந்து நடக்கச் செய்த ஸர் ஸி. வி. ராமன் அவர்கள்தாம். வெள்ளையர்களே வகித்துவந்த டைரக்டர் பதவியை 1933-ல் ஏற்ற முதல் இந்தியர் அவர். இந்தியன் என்பதற்காக நம்மவர்களை வாசலில் நிறுத்திய காலம் அது. நம்மவர் ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்த ஆண்டிலேயே, பெண் என்பதற்காக நம்மவள் ஒருத்தி வாசலில் நிறுத்தப்பட்டாள். ராமனிடம் நமக்குள்ள பக்தி இதனால் குறையவில்லை. ஆனால் பக்தி காரணமாக இதை விழுங்கிவிட்டுச் சரித்திரம் எழுத நமக்கு மனம் வரவில்லை.

கமலா நேரே பெங்களூருக்கே வந்துவிட்டார். சேர்த்துக்கொள்ளும் வரை வாசலில் ஸத்தியாக்கிரகம் செய்வதாகச் சொன்னார். காந்தியடிகள் சர்க்காருக்கு எதிராகக் கையாண்ட ஆயுதம் ஒரு கலாசாலையின் முன் எடுக்கப்பட்டது. ராமன் இணங்கினார், நிபந்தனைகளோடு. முதலாண்டு வெறும் பரீட்சார்த்தமாகவே இருக்கவேண்டும். ஆசிரியர் சொன்னால் இரவு வெகுநேரம் வரை வேலை செய்யவேண்டும். ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. கமலா ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு பெண் விஞ்ஞானிகளின் கூட்டமொன்றில் அதனை எடுத்துச் சொன்னார்.

ஆசிரியராக வாய்த்த ஸ்ரீனிவாஸய்யா கண்டிப்பானவர், நல்லவர். அவரிடம் பால், பயறு, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரோட்டீன்களை ஆராய்ந்து 1936-ல் எம். எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஓராண்டு முடிவிலேயே ராமன் திருப்தியடைந்து, பெண்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்து கேம்பிரிட்ஜ். அங்கே நோபல் பரிசு பெற்ற ஹாப்கின்ஸின் ஆராய்ச்சிசாலையில் இடம் காலியில்லை. டெரக் ரிக்டர் என்பவர், "பகலில் என் மேஜையில் நீங்கள் வேலை செய்யுங்கள்; இரவில் நான் செய்துகொள்கிறேன்" என்று தம் மேஜையையே விட்டுக்கொடுத்தாராம். ரிக்டர் வேறிடம் சென்றபின் ராபின் ஹில்லிடம் சேர்ந்து தாவரங்களை ஆராயலானார்.

இனிக் கிழங்குக்கு வருவோம். குடிசை தீப்பற்றினால் ஊரார் என்ன செய்கிறார்கள்? கிணற்றிலிருந்து குடிசை வரை வரிசையாக நின்று, குடத்தைக் கைக்குக் கை மாற்றுகிறார்கள். உயிரணுவுக்குள்ளும் அப்படியொரு வரிசை நிற்கிறது. மாற்றப்படுவது குடமல்ல, எலெக்ட்ரான். உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த பிராணவாயுவை அடைகிறது. அங்கே நீர் உண்டாகிறது. ஒரேயடியாக எரிந்தால் வீணாகிவிடும் சக்தி, படிப்படியாக இறங்குவதால் உடலுக்குச் சேமிப்பாகிறது. இவ்வரிசையின் கடைசிக்கு முந்திய கை, ஸைட்டோக்ரோம் ஸி. நம் ரத்தச் சிவப்புக்குச் சொந்தக்காரனான ஹீமோகுளோபினுக்கு இது உறவு. இதன் நடுவிலும் ஓர் இரும்பணு. அவ்விரும்பு எலெக்ட்ரானை வாங்கும், கொடுக்கும், மறுபடி வாங்கும். பல நூல்கள் இதனை என்ஸைம் என்றே எழுதுகின்றன. கறாராகப் பார்த்தால் இது என்ஸைமுக்குச் சுமை கொண்டுவந்து கொடுக்கும் ஆள்.

1925-ல் டேவிட் கீலின் இந்நிறப்பொருள்களைப் பூச்சிகளின் தசையிலும் ஈஸ்ட்டிலும் தாவரங்களிலும் கண்டு பெயரிட்டார். தாவரத்தின் சுவாசத்தில் அவற்றுக்கு உண்மையில் என்ன வேலை? கமலா உருளைக்கிழங்கை எடுத்து அதனை ஆராய்ந்து, தாவர அணுக்களின் ஆக்ஸிகரணத்தில் ஸைட்டோக்ரோம் ஸி பங்குகொள்வதை நிலைநாட்டினார். ஈயின் தசையிலும் மனிதனின் இதயத்திலும் மூட்டையில் கிடக்கும் கிழங்கிலும் நிற்பது அதே இரும்பு வரிசை! 1939-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. அவர் எழுதிய ஆராய்ச்சியுரை நாற்பதே பக்கம். (ஸயன்ஸில் டாக்டரான முதல் இந்தியப் பெண் இவரே என்று பலர் எழுதுகிறார்கள். தலைச்சேரி ஜானகி அம்மாள் 1931-லேயே மிச்சிகனில் அப்பட்டம் பெற்றுவிட்டார்.)

அதே ஆண்டு தாய்நாடு திரும்பினார். டில்லி லேடி ஹார்டிஞ்சு வைத்தியக் கல்லூரியிலும், பிறகு நம் குன்னூரில் இருந்த போஷணை ஆராய்ச்சிசாலையில் உதவி டைரக்டராகவும் வேலை பார்த்தார். 1947-ல் விவாகம், பின்னர் பம்பாயில் ஆசிரியப் பணி. அங்கே அவர் செய்தது நம் சமையலறைக்கு மிக அருகிலுள்ள வேலை. ராகிக் கொல்லைகளில் நாம் ஊடுபயிராக விதைக்கிறோமே, அந்த மொச்சையில் டிரிப்ஸின் என்னும் ஜீரண என்ஸைமைத் தடுக்கும் பொருளொன்று உண்டு. அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்து 1955-ல் அவரும் அவருடைய மாணவரும் வெளியிட்டார்கள். மொச்சையை நன்றாக வேகவைக்க வேண்டும் என்று பாட்டிமார் அடித்துச் சொன்னதற்கு இங்கே ரஸாயனக் காரணம் கிடைத்தது. ராஜேந்திர பிரஸாத் அவர்களின் யோசனைப்படி பதநீரின் சத்துக்களையும் ஆராய்ந்து ராஷ்டிரபதியின் பரிசு பெற்றார். பம்பாய் ஸயன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டர் பதவி அவருக்கு வந்தது தாமதித்துத்தான். 1998-ல் டில்லியில் அவருக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே மயங்கி விழுந்தார். சிறிது காலத்தில் காலமானார்.

காரணம் சொல்வதாகச் சொன்னோம். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குப் பெங்களூரில் பயோகெமிஸ்ட்ரி படிக்க ஆசை. தகப்பனார் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். அனுப்ப மாட்டேன் என்கிறார். லாபரட்டரி என்றால் இருட்டிவிடுமாம். அவரைப் பார்க்கப் போனோம். "இரவு ஷிப்டுக்கு இவ்வூரில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போகிறார்களே?" என்று கேட்டோம். "ஷிப்டு பஸ் வீட்டு முனையில் ஏற்றி, வீட்டு முனையில் இறக்குகிறது, ஸார். காலேஜிலிருந்து யார் கொண்டுவந்து இறக்குவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. நம்மிடம் பதில் இல்லாததால் கமலாவின் கதையைச் சொன்னோம்.

முழுவதும் கேட்டார். ராமன் போட்ட நிபந்தனைகளை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பி, பெங்களூரிலிருந்து மாலை ரயில் எத்தனை மணிக்கு ஓசூர் சேரும் என்று கேட்டார்.