முன்னச்சு எழுப்பும் ஓசை

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டி ஒன்றைக் காட்டுகிறார். மேடும் பள்ளமும் மிக்க நெடுவழியில் யாது நேருமோ என்றெண்ணிய அவ்வணிகர், வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றையும் கட்டிச் சென்றனர். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு அவ்வச்சே உவமையாயிற்று. இன்றைய ஊர்திகளில் சேமச் சக்கரம் உண்டு. சேம அச்சு இல்லை. ஆகவே, அச்சு பழுதுறுமுன் அது எழுப்பும் ஓசையைக் கேட்டறிவதே நமக்குள்ள காப்பாகும்.

தமிழ்த்துறை மலரில் ஊர்திப் பழுதுக்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். அதற்கு விடை எம் பட்டறிவே. 2014ஆம் ஆண்டு வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைக் காண மாணவர் எண்மருடன் ஒரு பழைய ஜீப்பில் புறப்பட்டோம். சமவெளியைக் கடக்கும்போதே முன்புறத்திலிருந்து வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை எழுந்தது. வகுப்பில் கடைசி வரிசையில் அமரும் மாணவர் ஒருவர், "ஐயா, முன்சக்கரத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது" என்றார். ஓட்டுநரோ, "டயர் சத்தம்தான் சார், பயப்பட வேண்டாம்" என்றார். நாமும் அம்மாணவரைப் பேசாதிருக்கச் சொன்னோம். அவர் விடவில்லை. "வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடுகிறது, ஐயா, டயர் என்றால் அப்படிக் கூடாது" என்றார். அவர்தம் தந்தையார் ஊர்தி பழுதுபார்ப்பவர் என்பதை அப்போதுதான் அறிந்தோம். எழுபது கொண்டையூசி வளைவுகள் எதிரே காத்திருந்தன. மலையடிவாரத்துக்கு முன்பிருந்த ஒரு பணிமனையில் வண்டியை நிறுத்தச் செய்தோம்.

அங்கிருந்த முதியவர் உடனே கருவியை எடுத்தாரல்லர், வினாக்களையே எடுத்தார். ஓசை எப்போது எழுகிறது? வேகத்தோடு வளர்கிறதா? திரும்பும்போது மாறுகிறதா? ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வேறுபடுகிறதா? நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன்பின் தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையையே அவர் தம் தொழிலில் கைக்கொண்டிருந்தார்.

அவர் விளக்கியவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம். நான்கு சக்கரங்களும் இயக்கப்படும் ஊர்தியில் முன்னச்சு வெறும் சுமைதாங்கி அன்று. அதன் நடுவே டிஃபரன்ஷியல் பெட்டி, அதனுள் கிரௌன் வீலும் பினியனும், இருபுறமும் ஆக்சில் தண்டுகள், சக்கரம் திரும்புமிடத்தில் அத்தண்டின் ஜாயிண்ட், சக்கர ஹப்பினுள் பேரிங்குகள் என உறுப்புகள் பல. ஒவ்வோர் உறுப்பும் தனக்கெனத் தனிக்குரல் உடையது.

வேகத்தோடு வளரும் முரலொலி, ஊர்தி ஒருபுறம் திரும்பும்போது மிகுந்தால், அது வீல் பேரிங்கின் குரல். வலப்புறம் திரும்பும்போது சுமை இடப்பக்கம் சாய்கிறது. அப்போது ஓசை கூடினால் இடச்சக்கரத்தை ஐயுற வேண்டும். சாலைப்பரப்பு மாறும்போது ஓசையும் மாறினால் அது பெரும்பாலும் டயருக்குரியது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ வேறுபடும் ஊளையொலி கிரௌன் பினியனைச் சுட்டும். முன்சக்கரங்களுக்கு விசை செல்லும் நிலையில், ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்புகையில் 'டக் டக்' என ஒலித்தால், ஆக்சில் தண்டின் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். கியர் மாற்றிப் புறப்படும்போது எழும் ஒற்றை இடியொலி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் தளர்ந்ததைக் காட்டலாம்.

பழுதே இல்லாமலும் ஓசை எழுவதுண்டு. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழி செல்கின்றன. நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஊர்தியைக் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லாமல் உறுப்புகள் முறுக்கேறி முனகும். சேறு, மணல், சரளை ஆகியவற்றுக்கே அவ்வியக்கம் உரியது.

எம் ஜீப்பில் முன் ஹப்புகளைப் பூட்டவும் விடுவிக்கவும் வசதியிருந்தது. விடுவித்தால் ஆக்சில் தண்டுகளும் டிஃபரன்ஷியலும் சுழலாமல் ஓய்ந்துவிடும். முதியவர் அவ்வாறே விடுவித்துச் சிறிது தூரம் ஓட்டினார். ஓசை நின்றிருந்தால் பழுது உள்ளே என்று பொருள், அது நிற்கவில்லை. ஆகவே பழுது சக்கரத்திலேயே என்பது உறுதியாயிற்று.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்னச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிமேல் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழைதல் உயிருக்கு ஊறு என்றும் எச்சரித்தார். இடச்சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி அசைத்தபோது ஆட்டம் தெரிந்தது. ஓட்டுநரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார், ஆட்டம் மறைந்தது. மறையாதிருந்தால் கிங்பின் பேரிங்கைப் பார்க்க வேண்டியிருக்கும். மறைந்ததால் குற்றம் வீல் பேரிங்கிலேயே என்று தெளிந்தது.

ஹப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியபோது, உட்பேரிங்கின் உருளைகளில் குழிகளும், வெப்பத்தால் ஏறிய நீலநிறமும் தென்பட்டன. உருளைகளோடு அவை ஓடும் வெளிக்கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதிய உருளை நெடுநாள் நிலையாது. புதிய பேரிங்கை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையும்வரை கிரீஸை அழுத்தினார். ஆயில் சீலையும் புதிதாக இட்டார். பின்னர், சக்கரத்தைச் சுழற்றியவாறே அது சற்றுத் தடைபடும்வரை நட்டை இறுக்கி, ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தி, வாஷரை மடக்கிப் பூட்டினார். தளர்ந்தால் ஆடும், மிக இறுகினால் எரியும், இரண்டுக்கும் இடைப்பட்டதே அளவு. சிறிது தூரம் ஓட்டிவந்து ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். அது சுடவில்லை, ஓசையும் அடங்கியிருந்தது.

இவ்வேலையைக் கவனமுடையோர் கற்றுச் செய்யலாம். கிரௌன் பினியனின் இடைவெளியைச் சரிசெய்வதோ அளவுகருவியும் நெடும்பயிற்சியும் வேண்டுவது. அங்கே ஆயிலின் அளவையும், வடித்த ஆயிலில் உலோகத்துகள் உண்டா என்பதையும் பார்ப்பதோடு நிறுத்தி, வல்லுநரிடம் ஒப்படைத்தலே நன்று.

பிற்பகலில் மலையேறினோம். அம்மாணவரை முன்னிருக்கையில் எம்மருகே அமர்த்திக்கொண்டோம். 'கேள்வி' என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்திவரும் நாம், கேட்க வேண்டிய குரலை அன்று அடக்க முயன்றோம். அவர் அடங்கியிருந்தால் அந்நீலமேறிய உருளைகளோடுதான் எண்மரையும் வளைவுகளில் ஏற்றிச் சென்றிருப்போம். இதனை மறைக்காமல் எழுதுவதே முறை என்று கருதுகிறோம். ஊர்தியாயினும் வகுப்பறையாயினும், சிறு ஓசையைச் செவிமடுப்பவர் பெருந்துன்பத்தைத் தவிர்ப்பர்.