இஞ்சின் இல்லாத வண்டி
(பழைய டிராக்டர் டிரெய்லர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை)



பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர் சும்மா போக மாட்டார். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போவார். ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார், புகை என்ன நிறம் என்று பார்ப்பார், கியர் போட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஆனால் அதே மனிதர் பழைய டிரெய்லர் வாங்கப் போகும்போது யாரையும் கூப்பிடுவதில்லை. பெயிண்ட் புதுசா, டயர் தேறுமா, விலை எவ்வளவு குறையும் என்று மூன்று கேள்வியோடு முடித்துவிடுவார். "பெட்டிதானே! அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? இஞ்சினா, கியர் பாக்ஸா?" என்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான் பதில். இஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். டிரெய்லர் கெட்டால் வண்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பாரத்தோடு கழன்றோ, முறிந்தோ, கவிழ்ந்தோதான் நிற்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரெய்லர் பாரம் ஏற்றத்தான், ஆள் ஏற்ற அல்ல என்பது சட்டம். ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் கடலை பிடுங்கவும் எங்கள் ஊர்ப் பெண்கள் அதில்தான் நின்றுகொண்டு போகிறார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். "ஏறாதம்மா" என்று நான் சொன்னால், "அப்ப ஆறு கிலோமீட்டர் நீ நடந்து போய் நடுறியா?" என்று கேட்கிறார். பதில் இல்லை. ஏறுவதைத் தடுக்க முடியவில்லை என்றால், அந்தப் பெட்டி எதன்மேல் நிற்கிறது என்றாவது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு பாதைகள்

டிரெய்லரைப் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். கண்ட இடத்தில் தட்டிப் பார்ப்பதால் பயனில்லை. எஸ்.ஓ.எம். பாடத்தில் படித்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரெய்லரில் விசை இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று இழுவைப் பாதை: டிராக்டர் கொக்கியில் இருந்து பின், கண், டிராபார், சேஸ் என்று போகும். இன்னொன்று பாரத்தின் பாதை: தளத் தகட்டில் இருந்து குறுக்குச் சட்டம், சேஸ், ஸ்பிரிங், ஆக்ஸில், பேரிங், டயர் என்று தரையில் இறங்கும். இந்த இரண்டு பாதையையும் கையால் தடவிக்கொண்டே போனால் ஒன்றும் விட்டுப்போகாது. இதில் எந்த ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் மற்றது எல்லாம் புதிதாக இருந்து பிரயோசனம் இல்லை.

கண்ணும் பின்னும்

மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ, டிரெய்லருக்கு டிராபார் அப்படி. அதன் முனையில் இருக்கும் இரும்பு வளையத்தைத்தான் கண் என்கிறோம். வண்டி ஓடும்போதெல்லாம் பின் இந்தக் கண்ணில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் வட்டமாக இருந்த துளை நாளடைவில் முட்டை வடிவம் ஆகிவிடும்.

வெர்னியர் இருந்தால் துளையை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம்தான் தேய்மானம். பிறகு வளையத்தின் கனத்தை அளந்து பாருங்கள். 25 மி.மீ. கம்பி தேய்ந்து 20 மி.மீ. ஆகியிருந்தால், "அஞ்சு மில்லிதானே" என்று தோன்றும். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20-ஐ 25-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.64. அதாவது நூற்றுக்கு 36 பங்கு இரும்பு போய்விட்டது! உண்மையில் சுற்றிலும் ஒரே மாதிரி தேயாது என்றாலும் கணக்கு புரிவதற்கு இது போதும்.

பின் நேராக இருக்கிறதா, அதன் அடியில் பூட்டு ஊசி போட ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஊசிக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும். கடையாணி இல்லாத மாட்டுவண்டியில் நம் தாத்தாக்கள் ஏறியிருக்க மாட்டார்கள்.

நான்கு சக்கர டிரெய்லர் என்றால் முன் ஆக்ஸிலுக்கு மேலே டர்ன் டேபிள் இருக்கும். டிராபாரைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். "லொடக்" என்று ஆட்டம் கொடுத்தால் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சேஸும் வெல்டிங்கும்

இதற்குக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. முதலில் சேஸ் சானல் ஓரமாக முன்னிருந்து பின் வரை ஒரு நூல் பிடியுங்கள். நடுவில் தொய்வு இருந்தால் நூல் காட்டிக்கொடுக்கும். அடுத்து டேப்பால் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளவுங்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே உதவும். சமமாக இல்லையென்றால் வண்டி எங்கேயோ மோதியிருக்கிறது அல்லது கவிழ்ந்திருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் கண்ணின் நடுவில் இருந்து இரண்டு ஹப்புக்கும் உள்ள தூரத்தையும் அளக்கலாம். வித்தியாசம் இருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், டயரைத் தின்றுவிடும்.

பிறகு வெல்டிங். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். பெயிண்டுக்கு மேலே மயிரிழை போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். வெல்டிங் மேல் வெல்டிங் வைத்திருந்தால், பட்டையை வைத்து ஒட்டுப் போட்டிருந்தால், அந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை முறிந்த இடம். வண்டி முழுவதும் பழசாக இருந்து ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்த இடத்தைச் சோதிக்க மண்ணெண்ணெயும் சாக்பீஸும் போதும். அந்த இடத்துப் பெயிண்டை எமரி தாளால் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளை அப்புங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். தொழிற்சாலைகளில் செய்யும் பெனட்ரன்ட் சோதனையின் தத்துவமும் இதுவேதான்.

போன வருடம் என் மாமா ஒரு டிரெய்லர் பேசி முடிக்கும்போது டிராபார் சேஸில் சேரும் இடத்தில் இப்படிச் செய்து பார்த்தோம். ஒரு விரல் நீளத்துக்குக் கோடு வந்தது. "ஒரு ராடு வெல்டிங் வெச்சா சரியாப் போயிடும் தம்பி" என்றார் புரோக்கர். மாமா கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெச்சுட்டு நீங்களே ஓட்டுங்க" என்று கிளம்பிவிட்டார். படிப்புக்குப் பணம் கட்டியதெல்லாம் வீண் போகவில்லை என்று அவர் அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னார்.

தளமும் பக்கப் பலகையும்

தளத் தகட்டை மேலிருந்து பார்த்தால் போதாது. உரம், உப்பு, ஈரச் சாணம் ஏற்றிய வண்டியில் துரு தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். கீழிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று ஒலிக்கும், துருப்பிடித்தது "டப்" என்று அமுங்கும். பக்கப் பலகைக்கு மேலே கூடுதலாகத் தகடு வைத்து உயர்த்தியிருந்தால் அது அளவுக்கு மீறிப் பாரம் சுமந்த வண்டி. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்பிரிங்கையும் ஆக்ஸிலையும் இன்னொரு தடவை பாருங்கள்.

ஸ்பிரிங், ஹப், டயர்

ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையா? உடைந்த பட்டை இருக்கிறதா? யூ போல்ட் இறுக்கமா? காலி வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது.

அடுத்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்ஸிலுக்கு அடியில் கட்டை கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது நட்டு தளர்ந்திருக்கலாம். சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். கரகர சத்தம் வந்தால் ஹப் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கிரீஸில் இரும்புத்தூள் மினுமினுத்தால், ரோலர் நீலம் பாய்ந்திருந்தால், அந்த பேரிங் ஒருமுறை வெந்துவிட்டது. முடிந்தால் ஐந்து கிலோமீட்டர் இழுத்துவிட்டு ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதில் கோளாறு.

வீல் நட்டில் இருந்து துரு ஒழுகின கோடு இருந்தால் நட்டு தளர்ந்து ஓடியிருக்கிறது. போல்ட் ஓட்டை நீண்டிருக்கும், ரிம் வெடித்திருக்கும், பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் இருந்தாலும் பக்கச் சுவர் வெடித்த டயர் பாரம் தாங்காது.

தூக்குகிற வண்டி என்றால்

ஹைட்ராலிக் ஜாக்கி உள்ள டிப்பரைப் பாதி தூக்கி நிறுத்தி, டிராக்டரை ஆஃப் பண்ணிவிட்டுக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தானாக இறங்கினால் உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது. ராடில் கீறலோ குழியோ இருந்தால் சீல் நிற்காது. ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். ஓஸ் வெடித்தால் பெட்டி இறங்குவதைப் பார்க்க நாம் இருக்க மாட்டோம்.

விளக்கு

பின் விளக்கும், இண்டிகேட்டரும், சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாத டிரெய்லர் இரவில் ரோட்டில் நடமாடும் சுவர். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். ஒயர் இழுத்து இரண்டு விளக்கு மாட்ட ஆகும் செலவு ஒரு பழைய டயர் விலைகூட வராது.

பேப்பர்

டிராக்டருக்கு ஒரு பதிவு எண், டிரெய்லருக்கு வேறு பதிவு எண். "டிராக்டர் புக்கு போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவு செய்ய வேண்டிய வண்டிதான்.

சேஸில் குத்தியிருக்கும் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரைண்டிங் செய்த அடையாளம் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஆர்.சி.யில் பாங்க் அல்லது பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான சான்றும் படிவம் 35-உம் வாங்காமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். வாங்குகிறவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். "பேரு அப்புறம் மாத்திக்கலாம்" என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வசனம். அதற்குள் ஒரு விபத்து நடந்தால் விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

இன்சூரன்ஸையும் படித்துப் பாருங்கள். விவசாய உபயோகம் என்று எழுதியிருக்கும் வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றினாலோ ஆள் ஏற்றினாலோ, நஷ்டஈடு கேட்கும்போது கம்பெனி அதையே காரணமாகக் காட்டும். அடிபடுவது கூலிக்குப் போனவர்கள்தான்.

தோழர்களே! மேலே சொன்ன சோதனைகளுக்கு வேண்டிய சாமான்கள் ஒரு மஞ்சள் பையில் அடங்கும்: டேப், நூல், சாக்பீஸ், எமரி தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், ஒரு டார்ச் லைட். நேரம் இரண்டு மணி. நம் வீடுகளில் பலர் இவ்வளவு பெரிய தொகைக்குப் பொருள் வாங்குவது ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோதான். அவர்களுக்கு எஸ்.ஓ.எம். தெரியாது, ஆனால் அதைப் படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது என்று தெரியும். அடுத்த முறை உங்கள் ஊரில் யாராவது பழைய டிரெய்லர் பார்க்கக் கிளம்பினால், கூப்பிடாவிட்டாலும் கூடவே போங்கள். பெயிண்டை அவர்கள் பார்க்கட்டும், நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள்.