நாற்காலியும் கூலியும் – 9: காலி நாற்காலி யார் கணக்கில்?

சலூன் உரிமையாளரும் தொழிலாளியும் வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் பாதிக்குப் பாதிப் பங்கு, மாதச் சம்பளம், நாற்காலி வாடகை என்னும் மூன்று முறைகளும் முந்தைய இதழ்களில் விளக்கப்பட்டுவிட்டன. தொடர்ந்து படிப்போருக்கு அதற்கு மேல் நினைவூட்டல் வேண்டியதில்லை. கலர், க்ரீம் ஆகியவற்றின் செலவை யார் ஏற்பது என்பதே இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது எனினும், அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒரு கேள்வியைக் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் எழுப்புகிறது: வாடிக்கையாளர் வராத நேரத்துக்குக் கூலி உண்டா?

அம்மாநிலச் சட்டப்படி, கமிஷன் என்பது பொருளையோ சேவையையோ விற்பவருக்கு விற்ற தொகையின் விகிதத்தில் தரப்படும் ஊதியம். முடி வெட்டுபவர் சேவையை விற்பவரல்லர், தம் கையால் செய்பவர் என்பதால், பில்லில் அவருக்குக் கிடைக்கும் பங்கு கமிஷன் ஆகாது என்றும், முடித்த வேலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எனக் கணக்கிடப்படும் துண்டுக்கூலியே, அதாவது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட் என வழங்குவதே அது என்றும் கொள்ள இடமிருந்தது. துண்டுக்கூலி பெறுவோருக்கு ஓய்வு நேரத்துக்கும், கடையில் இருந்தும் வேலை வராத நேரத்துக்கும் தனியே ஊதியம் தரவேண்டும் என்னும் விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சலூன்களின் ஊதியக் கணக்கு சிக்கலானது. அதைத் தீர்க்க 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு வியப்புக்குரியது: உரிமம் பெற்ற கலைஞருக்கு மாநிலக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத மணிக்கூலியை உரிமையாளர் அடிப்படையாகத் தந்தால் மட்டுமே, அதற்கு மேல் தரும் பங்கு கமிஷன் எனக் கொள்ளப்படும். 2024-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16 டாலர் என்பதால், அவ்வாண்டு அந்த அடிப்படைக் கூலி 32 டாலர். பங்கு எத்தனை சதவீதம் என்பதில் சட்டம் தலையிடவில்லை. காத்திருக்கும் மணிக்கு விலை வைத்துவிட்டு மற்றதை இரு தரப்பின் பேச்சுக்கு விட்டுவிட்டது. இத்தொடர் இதுவரை கண்ட ஏற்பாடுகளில் இதுவே ஆகச் சிறந்தது.

இந்த எண்ணம் இந்தியாவுக்கும் புதிதன்று. துண்டுக்கூலி பெறுவோருக்கும் நேரக் கணக்கில் ஓர் உறுதியான கீழ்வரம்பை நிர்ணயிக்க 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே இடமிருந்தது. தமிழ்நாட்டு சலூன்களில் அதன் தேவை கண்கூடானது. கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மண்டல விரதம் முடியும்வரை சவரம் செய்வதில்லை என்பதால், கைத்தேர்ச்சியில் குறையேதும் இல்லாத தொழிலாளியின் பங்கும் அந்நாட்களில் சுருங்குகிறது. ஆயினும் அவர் தரையில் கிடக்கும் முடியைக் கூட்டுகிறார், துண்டுகளை அலசிக் காயப்போடுகிறார், சீப்புகளை டெட்டால் கலந்த நீரில் ஊறவைக்கிறார், கடைக்கு வருவோரை உட்காரச் சொல்கிறார்.

புதிதாகக் கடை திறப்பவர் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் நல்ல மாதத்தில் 60,000 ரூபாய்க்கும் மந்தமான மாதத்தில் 24,000 ரூபாய்க்கும் வேலை செய்கிறார் என்று கொண்டால், பாதிப் பங்கு முறையில் அவருக்கு முறையே 30,000 ரூபாயும் 12,000 ரூபாயும் கிடைக்கும். சம்பளம் 15,000 ரூபாய், அதன் மும்மடங்கான 45,000 ரூபாய் டார்கெட், அதைத் தாண்டிய தொகையில் 10 சதவீதம் இன்சென்டிவ் என்றால், நல்ல மாதத்தில் 16,500, மந்த மாதத்தில் 15,000. அதாவது, மந்த மாதத்தில் 3,000 ரூபாய் கூடுதலாகப் பெறுவதற்காகத் தொழிலாளி நல்ல மாதத்தில் 13,500 ரூபாயை இழக்கிறார். பாதுகாப்பு என்ற பெயரில் இதை ஏற்கச் சொல்வது நியாயமன்று. அதே 15,000 ரூபாய்ச் சம்பளத்துடன், 30,000 ரூபாயைத் தாண்டிய வேலையில் 30 சதவீதம் தந்தால், நல்ல மாதத்தில் 24,000 ரூபாய் வரும். மந்த மாதத்தின் சுமையை உரிமையாளரும் நல்ல மாதத்தின் லாபத்தை இருவரும் பகிர்வதாக அது அமையும்.

பொருட்செலவு அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. 2,000 ரூபாய் பில்லில் 500 ரூபாய் கலருக்குப் போனால், அதைக் கழிக்காமல் பங்கிடும்போது 1,000 ரூபாயும், கழித்துப் பங்கிடும்போது 750 ரூபாயும் தொழிலாளிக்குக் கிடைக்கும். அந்த 250 ரூபாயிலிருந்தே அடுத்த பகுதி தொடங்கும்.