எல்லைச் சிற்றூரில் இரு மொழி ஜெபம்

இறையியல் மாணவன் என்றால் வெள்ளை அங்கி அணிந்து நாள் முழுவதும் ஜெபித்துக்கொண்டிருப்பவன் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி எழுத்துக் கூட்டுவதிலேயே போய்விடுகிறது. வலமிருந்து இடமாக எபிரெயம், இடமிருந்து வலமாகக் கிரேக்கம். இரண்டுக்கும் நடுவே விடுதிச் சாப்பாடு.

நான் பயில்வது திருவனந்தபுரம் கண்ணம்மூலையிலுள்ள கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியில். பட்டம் வழங்குவது வங்காளத்துச் செராம்பூர். 1818இல் வில்லியம் கேரியும் நண்பர்களும் அங்கே தொடங்கிய கல்லூரிக்கு, பட்டமளிக்கும் உரிமையை 1827இல் டென்மார்க் மன்னர் வழங்கினார். பட்டதாரிகளுக்கு இது நான்கு ஆண்டுப் படிப்பு. வார நாட்களில் காலை ஆராதனை, வகுப்பு, நூலகம் என்று பொழுது போகும். வார இறுதியில் சபைப் பணி. வகுப்பில் கற்றது எவ்வளவு நிற்கும், எவ்வளவு உதிரும் என்பது அங்கேதான் தெரியும்.

எனக்கு அமைந்த சபை ஆரியங்கோட்டுப் பக்கம். பழைய நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். ரப்பர் மரங்கள், மரச்சீனித் தோட்டங்கள், அவற்றிடையே ஓடும் நெய்யாறு. இப்பகுதி மக்கள் பேசுவது தமிழா மலையாளமா என்று வெளியூரார் கேட்பதுண்டு. கேட்கிறவரைப் பொறுத்தது என்பதே சரியான பதில்! கடையில் ஒன்று, அடுக்களையில் மற்றொன்று. கோயில் ஆராதனை முழுவதும் மலையாளத்தில் நடக்கிறது. ஆனால் வீடுகளில் முதியவர்கள் கண்ணை மூடினால் ஜெபம் தமிழில் வருகிறது.

இதற்குக் காரணம் உண்டு. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே, தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டு 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் வேதமாணிக்கம் அவருக்குத் துணை நின்றார். அவர்கள் கையில் இருந்தது தமிழ் வேதம். சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இலேயே அச்சில் நிறைவுற்றிருந்தது. பெஞ்சமின் பெய்லியின் மலையாளப் புதிய ஏற்பாடு கோட்டயத்தில் அச்சேறியதோ 1829இல். இடையில் 114 ஆண்டுகள்! ஆகவே தென்திருவிதாங்கூர்ச் சபைகள் தமிழிலேயே வேதம் கற்றன. வேதத்தின் பொருட்டே எழுதப் படிக்கவும் கற்றன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மயிலாடி ஜான் பால்மர் (1812–1883) போன்றோரின் கீர்த்தனைகள் இம்மக்களின் சொத்தாயின. நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) அதே கீர்த்தனை மரபை மலையாளத்தில் வளர்த்தார். பாட்டு மொழி மாறியது, ராகம் மாறவில்லை.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் இப்பகுதிப் பேராயமும் குமரி என்றும் தென்கேரளம் என்றும் இரண்டாகப் பிரிந்தது. பள்ளிக்கூடம் மலையாளத்துக்கு மாறியபின் பலிபீடமும் மாறியது இயல்புதானே. பிள்ளைகளுக்குப் புரியாத மொழியில் பிரசங்கம் செய்து என்ன பயன்? மாறியது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் மாறும்போது எது உதிர்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு படுக்கையிலிருந்த ஒரு பாட்டியைச் சந்திக்கச் சென்றேன். மலையாள வேதத்திலிருந்து 23ஆம் சங்கீதத்தை வாசித்தேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, “நல்லா வாசிச்ச மக்களே. இனி நம்ம வேதத்துல உள்ளதை நான் சொல்லட்டா?” என்றார். சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கற்றதைத் தமிழில் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தார். பிறகு, “யகோவான்னா யாரோ பெரிய ஆளு. கர்த்தர்னா நம்ம வீட்டு ஆளு” என்றார்.

எபிரெய வகுப்பில் ஒரு வாரம் முழுவதும் நாங்கள் விவாதித்த விஷயம் இது! மூலத்தில் இறைவனின் பெயர் நான்கு மெய்யெழுத்துகள். யூதர் பயபக்தியால் அதை உச்சரிப்பதில்லை. ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்றே வாசிப்பர். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வாசிப்பு மரபைப் பின்பற்றிக் ‘கர்த்தர்’ என்றனர். மலையாள வேதம் பெயரையே எழுதி ‘யகோவா’ என்றது. எழுத்தைப் பார்த்தால் மலையாளம் மூலத்துக்கு நெருக்கம், வாசிக்கும் மரபைப் பார்த்தால் தமிழ் நெருக்கம். ‘மேய்ப்பர்’ என்னுமிடத்தில் மலையாளத்தில் ‘இடயன்’ நிற்கிறது. அங்கே அது அழகான சொல். தமிழ்க் காதுக்கோ சாதிப் பெயராகவும், மரியாதை விகுதி இல்லாமலும் விழுகிறது. பாட்டிக்கு இந்த இலக்கணமெல்லாம் தெரியாது. எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கைக் கடப்பது என்பது மட்டும் தெரியும்.

பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே மொழி தரப்படவில்லை என்பதை நான் அந்தக் கட்டிலருகே இருந்துதான் கவனித்தேன். அந்நாள் எருசலேமுக்கு வந்திருந்தவர்களில் பலரும் கிரேக்கம் அறிந்தவர்களாகவே இருந்திருப்பர். அதிலேயே சொல்லி முடித்திருக்கலாம். புரிய வைப்பது மட்டும் போதாது போலும். வீட்டு ஆள் என்று தோன்றவும் வேண்டும்.

இனி, இந்தப் பாட்டிமாரின் அலமாரிகளில் உள்ள தமிழ் வேதங்களை யார் வாசிப்பது? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு பாதி புரியும், எழுத்து தெரியாது. மும்பையிலும் டில்லியிலும் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு இது புதிய செய்தியல்ல. தமிழ் ஆராதனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. அது இளையோரை வாசலில் நிறுத்தும். ஆனால் நோயுற்றோர் சந்திப்புக்கும் அடக்க ஆராதனைக்கும் ஆயராகப் போகிறவன் இரண்டு வேதங்களோடும் செல்ல வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செல்கிறேன். பை சற்றுக் கனக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டி சங்கீதம் சொன்ன அன்று கதவருகே நின்று கேட்ட பேத்தி, அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பாட்டி சொல்லச் சொல்ல மலையாள எழுத்தில் தமிழ்ச் சங்கீதத்தை எழுதியிருந்தாள். ‘ழ’ இரு மொழியிலும் உண்டென்பதால் அதில் சிரமமில்லை. ‘க’வை எங்கே ‘க’ என்றும் எங்கே ‘ஹ’ என்றும் எழுதுவது என்பதுதான் அவளுடைய சந்தேகம். இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். இப்போது இளைஞர் பாடகர் குழுவுக்காகக் கீர்த்தனைகளையும் அதேபோல் எழுதி வருகிறோம். பதினொன்று முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் ஒரு சொல்லைப் பாட்டி ஒரு விதமாகவும் அச்சுப் புத்தகம் வேறு விதமாகவும் சொல்வதால், அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டாவிடம் கேட்பதாக இருக்கிறோம்.